எதிர்க்கட்சி எம்.பி. இரண்டு நிமிடம் பேசினால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் ஊரில் ரயில்வே கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினார்கள். மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர். உங்கள் எம்.பி. எதிர்க்கட்சிக்காரர். மக்களவையில் எழுந்து இதைப் பற்றி இரண்டு நிமிடம் தமிழில் பேசினார். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவர் பேசும்போது அமைச்சர் வரிசையில் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்க்கட்சி எம்.பி. அவையில் பேசுவதால் தொகுதிக்குப் பயன் உண்டா, இல்லை எல்லாமே வீடியோவுக்காகத்தானா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: இவரிடம் வேறு எதைக் கேட்டிருக்க வேண்டும்? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நான் தில்லியில் எம்.பி.க்களின் உதவியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன். அவர்களுக்காகக் கேள்விகள் தயாரிப்பது, மனுக்களைச் சுருக்குவது, அமைச்சகங்களிலிருந்து வரும் பதில்களைக் கோப்பில் அடுக்குவது, இதுதான் வேலை. அதில் பெரும்பகுதி எதிர்க்கட்சி உறுப்பினர்களிடம். கொஞ்ச காலம் ஆளும் கூட்டணியில் இருந்த ஒருவரிடம். அதனால் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். சொல்லப்போவது எல்லாம் பாராளுமன்றத்துக்குத்தான் பொருந்தும். சட்டமன்றத்தின் விதிகளும் பழக்கமும் வேறு. அதற்குள் நான் போகவில்லை.

நேரடிப் பதில் வேண்டுமென்றால்: அந்த இரண்டு நிமிடப் பேச்சால் மட்டும் தண்ணீர் வடியாது. ஆனால் 'பேச்சு' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதற்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும், எதற்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் சொன்ன விவரத்தைப் பார்த்தால் உங்கள் எம்.பி. பேசியது பூஜ்ய நேரத்தில். அமைச்சர் பதில் சொல்லக் கடமைப்படாத நேரம் அது.

மக்களவை வழக்கமாகக் காலை 11 மணிக்குக் கூடும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அது முடிந்து 12 மணிக்குத் தொடங்குவதுதான் பூஜ்ய நேரம். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. 1960களில் பழக்கத்தில் உருவாகி நிலைத்துவிட்டது. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கல் நடக்கும், சாதாரணமாக ஒரு நாளைக்கு 20 பேர் வரை வாய்ப்பு கிடைக்கும். சபாநாயகர் மனசு வைத்தால் கூடும். சம்பந்தப்பட்ட துறை அமைச்சர் அந்த நேரத்தில் அவையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆகவே தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவர் ரயில்வே அமைச்சராகவே இல்லாமல் இருக்கலாம். வீடியோவில் அலட்சியம் மாதிரித் தெரிவது பல நேரம் வெறும் நடைமுறைதான்.

தமிழில் பேசியதால் புரிந்திருக்குமா என்றும் ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தீர்கள். அது பெரிய தடையில்லை. முன்கூட்டித் தெரிவித்தால் தமிழுக்கு உடனடி மொழிபெயர்ப்பு உண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாம். அவைக்குறிப்பில் அந்தப் பேச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஏறும். மாட்டிக்கொண்டு கேட்டார்களா என்பது வேறு கதை.

அதற்காகப் பூஜ்ய நேரத்தை வீண் என்று தள்ளிவிட மாட்டேன். அதற்கு ஒரு தனிப் பயன் உண்டு, அது வீடியோவில் தெரியாது. ஒருவர் பேசி முடித்ததும் மற்ற உறுப்பினர்கள் சின்னச் சீட்டு எழுதி அனுப்புவார்கள், 'இந்தக் கருத்துடன் என்னையும் இணைத்துக்கொள்கிறேன்' என்று. அந்தப் பெயர்கள் அவைக்குறிப்பில் அச்சாகும். சுரங்கப்பாதைத் தண்ணீர் மாதிரியான பிரச்சினையில் பக்கத்துத் தொகுதிக்காரர், பக்கத்து மாநிலத்துக்காரர், சில சமயம் ஆளுங்கட்சிக்காரர்கூடச் சீட்டுக் கொடுப்பார். அடுத்த கூட்டத்தொடரில் யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டு அமைச்சரைப் பார்க்கப் போகலாம் என்ற பட்டியல் உங்களுக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது. உங்கள் எம்.பி. பேசிய நாளின் அவைக்குறிப்பை எடுத்து, அவர் பேச்சின் கீழே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

பூஜ்ய நேரத்துக்கு ஒரு படி மேலே மக்களவை நடைமுறை விதிகளில் உள்ள விதி 377. கேள்வியாகவோ தீர்மானமாகவோ கொண்டுவர முடியாத விஷயத்தை எழுத்து வடிவில் அவையின் கவனத்துக்குக் கொண்டுவருவது. ஒரு உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று. பேச்சு மாதிரி வளர்த்த முடியாது, 250 சொல்லுக்குள் முடிக்க வேண்டும். நேரமில்லாத நாட்களில் வாசிக்காமல் அப்படியே அவையில் வைத்துவிடுவார்கள். கேமராவில் எதுவும் வராது. ஆனால் இதற்கு அமைச்சரிடமிருந்து கடிதம் மூலம் பதில் வரும். தாமதமாகலாம், வழவழவென்று இருக்கலாம், ஆனாலும் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. என் கணக்கில், யாரும் பார்க்காத ஒரு 377, ஆயிரம் பேர் ஷேர் செய்த பூஜ்ய நேர வீடியோவைவிட மேல்.

இனி கேள்விக்கு வருகிறேன். என் வேலையில் முக்கால்வாசி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாத கேள்விகள் 230. குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் மட்டும் பதில். எந்தக் கேள்வி பட்டியலில் எந்த இடத்தில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். விவாத நேரமோ கட்சி பலத்தைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகிறது. ஒரு மசோதா விவாதத்தில் பெரிய கட்சிக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால், இரண்டு மூன்று எம்.பி. உள்ள கட்சிக்குச் சில நிமிடம்தான். கேள்விக் குலுக்கலில் அந்தப் பேதம் இல்லை. ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினரும், ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் சுயேச்சையும் அங்கே சமம். எதிர்க்கட்சி எம்.பி.க்கு எண்ணிக்கை பலம் தேவைப்படாத, அதே சமயம் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம் அது ஒன்றுதான் என்று சொல்வேன்.

ஆனால் கேள்வியை எழுதத் தெரிய வேண்டும். எங்களிடம் வந்த ஒரு மனுவில் இப்படி எழுதியிருந்தது: 'சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி மக்கள் சொல்லொணாத் துயரம் அடைவதை அரசு அறியுமா? அறிந்தும் பாராமுகமாக இருப்பது ஏன்?' பொதுக்கூட்டத்தில் இதற்குக் கைதட்டு விழும். மக்களவைச் செயலகத்தின் கேள்விப் பிரிவில் நிற்காது. விதி 41இன்படி கேள்விக்குள் வாதம், ஊகம், கிண்டல், பழி எதுவும் இருக்கக் கூடாது, 150 சொல்லைத் தாண்டக் கூடாது. சரி, இரண்டாவது பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் அனுப்பினால்? 'அறியுமா' என்று கேட்டால் 'அறியும்' என்பார்கள். 'தண்ணீர் தேங்காமலிருக்கத் தேவையான நடவடிக்கைகள் தொடர்ந்து எடுக்கப்பட்டு வருகின்றன' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். கதை முடிந்தது. அதே விஷயத்தை அந்தக் கூட்டத்தொடரில் மறுபடி கேட்டால் 'ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டது' என்று திரும்பி வரும்.

அதை நாங்கள் திருத்தி எழுதியது வேறு மாதிரி. ரயில்வே கேட்டுகளுக்குப் பதிலாக இந்தக் கோட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் கட்டப்பட்ட சுரங்கப்பாதைகள் எத்தனை. அவற்றில் தண்ணீர் தேங்குவதாகப் புகார் பதிவானவை எவை, கேட் எண் வாரியாக. ஒவ்வொன்றிலும் மோட்டார் பொருத்தப்பட்டிருக்கிறதா, அதை இயக்கும் பொறுப்பு ரயில்வேக்கா உள்ளாட்சிக்கா. வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு. இன்ன எண் கேட் இருந்த இடத்தில் நிரந்தர வடிகால் எந்தத் தேதிக்குள் முடியும். இதில் ஒரு இடத்திலும் 'துயரம்' என்ற சொல் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

அந்தக் கேள்வி இறங்கிப் போகும் பாதையை நீங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். மக்களவைச் செயலகத்திலிருந்து அமைச்சகம், அங்கிருந்து ரயில்வே வாரியம், அங்கிருந்து சென்னையில் தெற்கு ரயில்வே தலைமையகம், அங்கிருந்து மதுரையோ திருச்சியோ சேலமோ அந்தந்தக் கோட்ட அலுவலகம், கடைசியில் அந்தப் பாதையைப் பராமரிக்கும் பொறியாளர். அவருக்குப் போன் வரும்: 'பார்லிமென்ட் கொஸ்டின் வந்திருக்கு, சாயந்திரத்துக்குள்ள விவரம் வேணும்.' கலெக்டர் ஆபீஸ் மனுவையோ உங்கள் ஊர்ச் சாலை மறியலையோ ஒத்திப்போட்டுப் பழகியவர்கள்கூட இதை ஒத்திப்போட மாட்டார்கள். பதிலில் தப்பான தகவல் போனால் அவையைத் தவறாக வழிநடத்தியதாக அமைச்சரின் தலை உருளும் என்பதால் ஒவ்வொரு மட்டத்திலும் சரிபார்ப்பார்கள். மோட்டார் பழுது என்று எழுதி அனுப்ப யாருக்கும் பிடிக்காது. அதனால் பதில் மேலே போவதற்குள் மோட்டாரைச் சரி செய்துவிட்டு, 'இயங்கும் நிலையில் உள்ளது' என்று எழுதுவார்கள். நான் பார்த்தவரை கேள்வியால் விளைந்த பலன்களில் பாதி இப்படி, பதில் வாசிக்கப்படும் நாளுக்கு முன்பே நடந்தவை. அவையில் அமைச்சர் நிமிர்ந்து பார்த்தாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பதில் வந்த பிறகு அதைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். 'பரிசீலனையில் உள்ளது', 'ஆராயப்படும்', 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்'. இவற்றையெல்லாம் மழுப்பல் என்றுதான் செய்தித்தாள்கள் எழுதும். ஆனால் பாராளுமன்றக் கணக்கில் இவை உறுதிமொழிகள். எந்தெந்த வாசகம் உறுதிமொழியாகும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதைக் கண்காணிக்க 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இயங்குகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். பல துறைகள் அவகாசத்தின் மேல் அவகாசமாக வருடக்கணக்கில் இழுப்பதும் உண்டு. இருந்தாலும் கோப்பு மூடப்படாமல் இருக்கிறது பாருங்கள், அதுதான் லாபம். தொகுதிக்காரர்களுக்கு இந்தக் குழு இருப்பதே தெரியாது, சில எம்.பி.க்களும் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கிடைத்துவிட்டால் வாய்ப்பு இன்னும் பெரிது. கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு, மற்றவர்களும் சபாநாயகர் அனுமதித்தால் கேட்கலாம். முதல் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள்; துணைக் கேள்விக்கு அமைச்சர் தன் சரக்கை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பட்டியலில் 20 இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நாலைந்துக்கு மேல் எட்டாது. அதனால் ஏழாவது இடத்தில் வந்துவிட்டால் எழுத்துப் பதிலோடு சரி.

கேள்வி நேரம் நடந்தால்தான் இதெல்லாம். தொகுதிக்கும் கட்சிக்கும் நடுவில் எம்.பி. மாட்டிக்கொள்கிற இடமும் இதுதான். அன்று காலை கட்சி ஒரு பெரிய பிரச்சினைக்காக அவையின் மையத்தில் இறங்கி முழக்கமிட முடிவு செய்திருக்கும். அவரும் இறங்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் அவை ஒத்திவைப்பு. பல வாரம் காத்திருந்து மூன்றாவது இடத்தில் வந்த அவருடைய சுரங்கப்பாதைக் கேள்வி அவருடைய கட்சியின் கோஷத்திலேயே மூழ்கிப்போகும். எழுத்துப் பதில் மட்டும் அவையில் வைக்கப்படும். நான் வேலை பார்த்த ஒருவர் துணைக் கேள்விகளை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மதியம் திரும்பி வந்து அந்த அட்டையை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாப்பிடப் போய்விட்டார். அவர் முழக்கமிட்ட விஷயமும் நியாயமானதுதான். எது பெரிது என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. அமளிக்கு எப்போதும் எதிர்க்கட்சியே காரணம் என்பதும் சரியில்லை. விவாதத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது குரல் மட்டும்தான். 2023 டிசம்பரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தண்டனை எம்.பி.க்கு, கேள்வி போனது அவருடைய தொகுதிக்கு.

கட்சிக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒன்று தெளிவுபடுத்த வேண்டும், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்சி மாறுவதையும் வாக்கையும்தான் கட்டுகிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். தொகுதிக் குறையைப் பேசினார் என்பதற்காக யாருடைய பதவியும் அந்தச் சட்டத்தின் கீழ் போகாது. அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்று அரசியல் சாசனத்தின் 105ஆவது பிரிவு சொல்கிறது. அதற்காகச் சுரங்கப்பாதை ஒப்பந்ததாரர் பெயரைச் சொல்லித் திட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் மீது குற்றச்சாட்டுச் சொல்வதென்றால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி 353 இருக்கிறது. கொடுக்காமல் பேசினால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். சபாநாயகர் 'எதுவும் பதிவாகாது' என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு கத்துவது அனைத்தும் காற்றோடு போனது.

ஒத்திவைப்புத் தீர்மானம், கவன ஈர்ப்பு, 193ஆவது விதியின் கீழ் விவாதம் இவையெல்லாம் ஒரு ஊர்ச் சுரங்கப்பாதைக்குப் பொருந்தாதவை, விட்டுவிடலாம். பட்ஜெட் தொடரில் வரும் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒரு துறை தன் செலவுக்குப் பணம் கேட்கும்போது நடப்பது, அது மட்டும் கவனிக்க வேண்டியது. ரயில்வே மானியக் கோரிக்கை விவாதத்துக்கு எடுக்கப்பட்டால் ஒவ்வொரு எம்.பி.யும் தன் ஊர் நிறுத்தம், தன் ஊர் மேம்பாலம் என்று ஒரு நீண்ட பட்டியலே வாசிப்பார். அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானமும் கொடுக்கலாம். அதில் ஒன்று, குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்டி 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது. அது தோற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; குறை பதிவாக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் எல்லாத் துறைகளும் விவாதத்துக்கு வராது. கடைசி நாளில் மிச்சமுள்ள கோரிக்கைகள் அனைத்தும் விவாதமே இல்லாமல் ஒரேயடியாக நிறைவேறிவிடும்.

ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்தால் நடந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அமைச்சரின் அறைக்குள் அவர் சுலபமாகப் போவார், உண்மைதான். நான் அந்தப் பக்கம் வேலை பார்த்த கொஞ்ச காலத்தில் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வந்ததையும் கவனித்தேன். ஆனால் தன் அரசை எழுத்தில் சங்கடப்படுத்தும் கேள்வியை அவர் கேட்கத் தயங்குவார். விதிவிலக்கு இல்லாமல் இல்லை: எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்டதை 1957இல் கேள்வி கேட்டு அம்பலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஃபெரோஸ் காந்தி, ஆளும் காங்கிரஸ்காரர். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலக வேண்டி வந்தது. எதிர்ப்பக்கத்தில் என் மனசுக்கு வருவது 1963 ஆகஸ்ட். நேரு அரசின் மீது வந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 62க்கு 347 என்று தோற்றது. ஆனால் அந்த விவாதத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா கிளப்பிய கணக்கு, 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்பது, தோற்கவில்லை. அரசு தன் கணக்கை எடுத்து வைத்து வாதாட வேண்டியதாயிற்று. எண்ணைச் சொன்னால் எண்ணால்தான் பதில் சொல்ல முடியும். இன்றும் நம் மீனவர்கள் எத்தனை பேர் இலங்கைச் சிறைகளில் இருக்கிறார்கள், எத்தனை படகுகள் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்ற விவரம் அதிகாரபூர்வமாக வெளிவருவது பெரும்பாலும் கடலோரத் தொகுதி எம்.பி.க்கள் கேட்கும் கேள்விகளுக்கு வெளியுறவு அமைச்சகம் தரும் பதில்களில்தான்.

உங்கள் பிரச்சினையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ரயில்வே மத்திய அரசின் துறை. ஆனால் சுரங்கப்பாதையிலிருந்து வெளியேற்றும் தண்ணீர் எந்த வாய்க்காலில் போய் விழ வேண்டும், அணுகுசாலை யாருடையது என்பது மாநிலத்தையோ உள்ளாட்சியையோ சேர்ந்தது. தில்லியில் கேட்டால் 'மாநில அரசு ஒத்துழைக்கவில்லை' என்று பதில் வரும். இங்கே கேட்டால் 'ரயில்வே இடம், நாங்கள் தொட முடியாது' என்பார்கள். தில்லியில் எதிர்க்கட்சி, சென்னையில் ஆளுங்கட்சி என்ற நிலை தமிழ்நாட்டில் பலமுறை இருந்திருக்கிறது. அந்த நிலையில் உள்ள எம்.பி. மத்திய அரசைச் சாடும்போது இருக்கும் உற்சாகம், வாய்க்காலைப் பற்றிப் பேசும்போது இருக்காது. உங்கள் எம்.பி. அந்த நிலையில் இருப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், கேள்வியில் பொறுப்பு யாருடையது என்ற பகுதியை அவர் நழுவவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவைக்கு வெளியே அவர் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு 83 லட்சம். அதை வைத்து ரயில்வே வேலையைச் சரிக்கட்ட முடியாது. மாவட்ட அளவில் மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் 'திஷா' குழுவுக்கு மக்களவை எம்.பி. ஒருவர்தான் தலைவர், எதிர்க்கட்சியாக இருந்தாலும். அந்தக் கூட்டத்தில் கலெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாய்க்கால் விஷயத்தை அங்கே கேட்கலாம். ஒவ்வொரு துறையையும் ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுக்களும் இருக்கின்றன. அங்கே கேமரா இல்லை, அதனால் கட்சிப் பேச்சும் குறைவு, அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்கலாம். ரயில்வே நிலைக்குழுவில் உங்கள் எம்.பி. இல்லாவிட்டாலும், அவர் கட்சிக்காரர் யாராவது இருக்கிறாரா என்று பார்க்கலாம்.

இதுவரை சொன்ன நடைமுறைகள் உறுதியானவை. சந்தேகத்துக்குரியது எது என்றால், எந்தப் பேச்சால் எந்த வேலை நடந்தது என்ற கணக்கு. ஒரு எம்.பி. மூன்று முறை கேட்ட பிறகு ஒரு மேம்பாலம் வந்தால் 'என் முயற்சியால்' என்று போஸ்டர் ஒட்டுவார். எதிரணியும் அதே பாலத்துக்கு ஒட்டும். கோட்ட அலுவலகம் அதை ஏற்கெனவே திட்டமிட்டிருந்திருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க எந்த வழியும் இல்லை. அதே போல வருகைப் பதிவையும் கேள்வி எண்ணிக்கையையும் வைத்து எம்.பி.க்களுக்கு மார்க் போடும் பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 300 கேள்வி கேட்டவருடையது எல்லாம் 'அரசு அறியுமா' ரகமாக இருந்தால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

ஆகவே உங்கள் எம்.பி. வீடியோவுக்காகத்தான் பேசினாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாராளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டு, இந்த ஆறு மாதத்தில் ரயில்வே அமைச்சகத்துக்கு அவர் கொடுத்த கேள்விகளைத் தேடுங்கள். பேச்சுக்குப் பிறகு ஒரு 377, ஒரு குறியிடாத கேள்வி, ஏதாவது இருந்தால் மனிதர் வேலை செய்கிறார், நீங்கள் பொறுமையாக இருக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் அப்போதும் திட்டி எழுதுவதற்கு முன்னால் கேள்வியை நீங்களே தயாரித்துக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான எம்.பி. அலுவலகங்களில் ஆள் குறைவு. தயாராக வரும் கேள்வியை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

கேள்விக்கான நோட்டீஸ் குறைந்தது 15 நாள் முன்னால் போக வேண்டும், ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்த அன்றே அவர் அலுவலகத்தில் உங்கள் காகிதம் இருக்க வேண்டும். மனுவில் 'எங்க ஊர் கேட்' என்று எழுதாதீர்கள். பழைய கேட்டின் எண்ணை எழுதுங்கள். கேட் இருந்தபோது பலகையில் போட்டிருந்த அந்த எண் ஊரில் பெரியவர்கள் யாருக்காவது ஞாபகம் இருக்கும். இல்லையென்றால் பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த நாளில் தண்ணீர் நின்றது, எத்தனை நாள் பள்ளி வேன் சுற்றிப் போனது, எத்தனை கிலோமீட்டர் சுற்று, யாரிடம் எப்போது மனுக் கொடுத்தீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மழையில் போட்டோ எடுக்கும்போது தேதி தெரியும்படி எடுங்கள், சுவரில் தண்ணீர் ஏறிய கறையையும் சேர்த்து.